அந்தச் சிவப்பு பிறகு பூசினது

கண்டதைக் காணவில்லை என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வராது. இதைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அந்தக் குணத்தால் என்னென்ன குலைந்தன என்பதை என் குறிப்பேடுகளில் மாதம், ஆண்டு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதலாவது 1991 ஓகஸ்டில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நடந்த ஒரு கலியாணப் பேச்சு.

பெண் வீட்டார் எனக்குத் தூரத்து உறவு. மாப்பிள்ளை இல்ஃபோர்டில் இருப்பவர். அவருடைய மாமா ஒருவர் சோபாவில் சாய்ந்திருந்து, பெடியனுக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, கூடாத சேர்க்கை இல்லை என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலுக்கு உதவ வந்திருந்த இந்தப் பெண் அப்போதுதான் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். மணப்பெண்ணின் தாய், ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "நீங்களும் இல்ஃபோர்ட் பக்கம்தானே, தம்பியைக் கண்டிருப்பீங்களே" என்று கேட்டார்.

"ஓம், கண்டனான். ஸ்டேசன் வாசலில சிகரெட் பத்திக்கொண்டு நிண்டவர். ரெண்டு தரம்."

சொல்லிவிட்டு, சீனி போடாத தேநீர் யாருக்கு என்று விசாரித்தார். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். பிறகு அந்த வீட்டில் சிகரெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவவுக்கு ஏன் இந்த வேலை என்றுதான் பேசினார்கள்.

யாரும் கேட்காதவரை அவர் பேசாமல் இருப்பார். மணிக்கணக்காக இருப்பார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு, அப்படித்தானே என்று அவர் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது. ஒருமுறை எங்கள் வீட்டில், முந்திய மாதம் இல்ஃபோர்டில் நடந்த ஒரு தேர்த் திருவிழாவைப் பற்றி நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொட்டும் மழையிலும் அடியார்கள் வடம் பிடித்தார்கள் என்று எழுதியிருந்தேன். நல்ல வசனம். வாசித்துவிட்டு அவரைப் பார்த்தேன். "அண்டைக்கு மழை பெய்யேல்லை அண்ணை. முதல் நாள்தான் பெய்தது. தேரண்டைக்கு நிலம் மட்டும் ஈரம்" என்றார். படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒருவர் கையிலும் குடை இல்லை. அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஒரு மருத்துவமனையின் பதிவறையில் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவன் நான். பிழையான பதிவு மனிதரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சரியான பதிவு என்ன செய்யும் என்பதை அவரால்தான் அறிந்தேன்.

அவர் இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில் குட்மேய்ஸில் இருந்த என் நண்பர் ஒருவரின் அக்கா. 1991 தொடக்கத்தில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கணவரை 1985இல் யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் வைத்து இராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு, நான்கு வயது மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு இவர் புறப்பட்டார். இங்கே அகதியாக ஏற்றுக்கொண்டால் மகளைக் கூப்பிடலாம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் இயலாது. அவருடைய வாழ்க்கையில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதைத் தவிர வேறு எதையும் அவர் எதிர்பார்த்து நான் காணவில்லை.

வெளியே சொல்லாதே என்று தம்பி அவரை எச்சரித்து வைத்திருந்த விஷயம் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது 1991 நவம்பரில். இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பழைய கட்டடங்களைப் பற்றி நான் நூலகத்தில் எடுத்துவந்த ஒரு பெரிய புத்தகம் மேசையில் விரிந்து கிடந்தது. சிசிலித் தீவில் பலெர்மோ நகரத்துத் தேவாலயம் ஒன்றின் படம். வெறுமையான சதுரச் சுவர்கள், அவற்றின் மேல் ஐந்து சிவப்புக் குவிமாடங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் யாரும் பள்ளிவாசல் என்றே சொல்வார்கள். அவர் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இதுக்குப் பின்னால ஒரு எலுமிச்சை நிக்குது. படத்தில விழேல்லை."

தம்பி கூரையைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். 1986 முதல் 1990 முடியும்வரை அக்கா பலெர்மோவில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். அங்கே வேலை செய்து பிழைக்க விடுவார்கள், பிள்ளையைக் கூப்பிட விடமாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால்தான் லண்டன். ஆனால் வேறொரு பாதுகாப்பான நாட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தால் இங்கே ஏற்கமாட்டார்கள். முகவர் நிரப்பிய ஆங்கிலப் படிவத்தில் இத்தாலி இல்லை. விசாரணையில் யாழ்ப்பாணத்தைப் பற்றி மட்டும் கேட்டார்கள். இத்தாலியைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"கேட்டிருந்தால் துலைஞ்சம் அண்ணை" என்றார் தம்பி. அக்காவின் முகத்தில் மாற்றம் இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு சில சனிக்கிழமைகளில் அவர் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். அவர் பராமரித்தது ஒரு வயதான பெண்மணியை. முன்னாள் பள்ளி ஆசிரியை, நடக்க மாட்டார், ஞாபகமும் நழுவிக்கொண்டிருந்தது. பிற்பகல்களில் சக்கர நாற்காலியில் வைத்து அந்தத் தேவாலயத்தின் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாராம். "ஒவ்வொரு நாளும் அதே கதையைப் புதுசாச் சொல்லுவா. நேற்றுச் சொன்னது அவவுக்கு நினைவில்லை. எனக்குப் பாடமாப் போச்சு." கும்பிடப் போனீர்களா என்று கேட்டேன். அங்கே இப்போது யாரும் கும்பிடுவதில்லை, பார்க்க வருகிறவர்கள்தான் என்றார். "நான் இருக்கப் போனனான். அவ்வளவுதான்."

சதுரமான அறைமேல் வட்டமான குவிமாடம் எப்படி உட்காரும் என்று எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை. அவர் எங்கள் சமையலறையில் இருந்த சதுர பிஸ்கட் தகரத்தை எடுத்து, அதன் மேல் ஒரு சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்தார். நான்கு மூலையிலும் வெளி விழுந்தது. தேநீர்க் கரண்டிகள் நான்கை அந்த மூலைகளில் சரித்து வைத்தார். "மூலையில இப்படிச் சின்ன வளைவு வைச்சால் நாலு பக்கம் எட்டுப் பக்கமாகும். எட்டுக்கு மேல வட்டம் இருக்கும். உது அரபு ஆக்களின்ர வேலை. மூலையில நிண்டு மேல பாத்தால் தெரியும்." பன்னிரண்டாம் நூற்றாண்டில், தீவைப் பிடித்த நோர்மன் அரசன், ஏற்கெனவே அங்கிருந்த அரபுக் கொத்தர்களைக் கொண்டே தன் கோயில்களைக் கட்டுவித்தான் என்று என் புத்தகம் நாற்பது பக்கத்தில் சொன்னதை அவர் நான்கு கரண்டிகளில் முடித்தார்.

எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருந்தது. இல்ஃபோர்டில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் மாதமொரு ஞாயிறு கூடுவோம். நான் செயலாளர், நான்கு பக்கச் செய்தி மடலுக்கு ஆசிரியரும் நானே. அறுபது படிகள் எடுத்துத் தமிழ்க் கடைகளில் வைப்போம். 1992 மார்ச் இரண்டாவது ஞாயிறு, அந்தத் தேவாலயத்தைப் பற்றி நான் படங்கள் போட்டுப் பேசினேன். வந்தவர்கள் முப்பத்தேழு பேர். அவர் தம்பியோடு நான்காவது வரிசையில் இருந்தார்.

பேச்சின் உச்சத்துக்காக ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்: "இந்தச் சிவப்புதான் அரபுக் கைகள் அந்தக் கல்லில் இட்ட கையெழுத்து." சொல்லிவிட்டு நிறுத்தினேன். அப்போது, பலெர்மோவை நேரில் கண்ட ஒருவர் சபையில் இருக்கிறார் என்ற மிதப்பில், அவரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவரைப் பார்த்திருக்கக் கூடாது.

"இல்லை அண்ணை. அந்தச் சிவப்பு பிறகு பூசினது. நூறு வருசத்துக்குக் கொஞ்சம் மேலதான். கட்டடத்தைத் திருத்தேக்க பழைய பூச்சில சிவப்புக் கண்டவையாம், அதை வைச்சு முழுக்கப் பூசினவை எண்டு அந்த அம்மா சொல்லுவா. நான் நாலு வருசம் பாத்தனான், மழைக்கு வெளிறும், திரும்பப் பூசுவினம்."

சபை சிரித்தது. தம்பி குனிந்துகொண்டார். முன்வரிசையில் இருந்த எங்கள் தலைவர், ஊரில் கல்லூரி அதிபராக இருந்தவர், மெல்லத் திரும்பி, "அப்ப தங்கச்சி, அரபுக்காரர் கட்டினது எண்டதும் பொய்யோ?" என்று சீண்டினார்.

"அது உண்மை. கட்டினவை அவைதான். பிறகு அவையளையே தீவை விட்டுக் கலைச்சுப்போட்டினம்."

"ராசாக்கள் எல்லா இடத்திலயும் உப்பிடித்தான்."

"ராசாக்கள் மட்டுமோ? எங்கட ஆக்களும்தானே முஸ்லிம் ஆக்களைக் கலைச்சவை. நான் காணேல்லை, மகள் எழுதினவள். எங்கட ஒழுங்கையில இருந்த தையல்காரர் மெசினையும் விட்டிட்டுப் போனவராம். ரெண்டு மணித்தியாலம்தான் குடுத்தவையாம்."

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை ஆயுத இயக்கம் வெளியேற்றியது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பதினேழு மாதங்களாக அதை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் குறிப்பேட்டிலும் அது இருக்கவில்லை. தலைவர் எழுந்து, தேத்தண்ணி ஆறுது என்று கூட்டத்தை முடித்தார்.

மறுநாள் தலைவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண் இரண்டாவதாகச் சொன்ன கதை மடலில் வரக்கூடாது, வந்தால் பிறகு எந்தக் கடையும் எங்கள் கடதாசியை வைக்காது, கடையோடு நிற்காது என்றார். சரி என்றேன். அதை விட்டேன். ஆனால் பேச்சாளரின் பிழையைத் திருத்தியவருக்கு உரிய மதிப்பைக் கொடுப்பது ஆசிரியனின் கடமை என்று நினைத்தேன். ஒன்றை மறைத்ததற்கு மற்றதைச் சரியாகச் செய்து ஈடுகட்டலாம் என்றும் நினைத்திருப்பேன். எனவே மூன்றாம் பக்கத்தில், சிவப்பு நிறம் பிற்காலத்தது என்று திருத்தம் போட்டு, அவருடைய முழுப் பெயரையும் போட்டு, "1986 முதல் 1990 வரை பலெர்மோவில் வாழ்ந்து அக்கட்டடத்தை நேரில் அறிந்தவர்" என்று எழுதினேன்.

படியெடுக்கப் போகுமுன் என் மனைவி வாசித்துவிட்டு, பெயரைப் போடலாமா என்று கேட்டார்.

"அறுபது படி. அதுவும் தமிழ். ஆர் இதைப் படிக்கப்போறான்?" என்றேன்.

ஆபத்தானது என்று நான் பயந்த வசனத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆபத்தில்லை என்று நினைத்ததைத்தான் அச்சில் ஏற்றினேன்.

ஓர் ஆண்டு கழித்து, அவருடைய வழக்கைப் பார்த்த சொலிசிட்டர் இங்கே சமூகத்தில் அவர் அறியப்பட்டவர் என்பதற்கு ஏதாவது எழுத்துச் சான்று கேட்டார். தம்பி வீட்டில் கிடந்த எங்கள் மடல்களைப் புரட்டி, அக்காவின் பெயர் வந்த மூன்று இதழ்களைக் கொடுத்தார். ஒன்றில் பொங்கல் விழாச் சமையலுக்கு நன்றி. ஒன்றில் நவராத்திரிக்கு. மூன்றாவது மார்ச் இதழ். பெயர் அச்சில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. எங்கள் ஆட்கள் விழா மலரில் தங்கள் படத்தைத் தேடுவது போலத்தான். சொலிசிட்டருக்குத் தமிழ் தெரியாது. மூன்றும் குடிவரவு அலுவலகத்துக்குப் போயின. அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எங்கள் மடலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த ஒரே வாசகர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

1993 செப்டம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது. என்னுடைய வசனம், ஆண்டுகளோடு, ஆங்கிலத்தில், மேற்கோள் குறிக்குள் இருந்தது.

மேன்முறையீட்டுக்கு ஆதரவுக் கடிதங்கள் தேவைப்பட்டன. தலைவரிடம் போனேன். கையெழுத்துப் போடக் கை நடுங்குகிறது என்றார். அதே கையால் தேநீரைச் சிந்தாமல் குடித்தார். இன்னும் நான்கு பேரிடம் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒருவரும் குறிப்பிடவில்லை, ஒருவரும் மறந்திருக்கவும் இல்லை. கடைசியில் சொலிசிட்டர் ஒரு வழி சொன்னார். மடலில் இருந்தது ஆசிரியரின் பிழை என்று ஆசிரியரே எழுதித் தரலாம்.

எழுதினேன். அந்தப் பெண் பலெர்மோவில் வாழ்ந்தார் என்று நான் தவறாக விளங்கிக்கொண்டேன், அவர் அந்தத் தேவாலயத்தைப் பற்றி என்னிடம் இருந்த புத்தகத்தில் பார்த்தே பேசினார் என்று ஒரு பக்கம். அதுவரை என் வாழ்க்கையில் தெரிந்தே பிழையாக எழுதிய ஒரே பதிவு அது. மூன்று தடவை தட்டச்சு செய்தேன்.

தம்பி அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபோது நானும் இருந்தேன். "கேட்டால் புத்தகத்தில பாத்தனான் எண்டு சொல்லு. அதுவும் பொய்யில்லை, அண்ணை வீட்டில பாத்தனீதானே. பிள்ளையை நினைச்சுக்கொள் அக்கா." அவர் "ம்" என்றார். சம்மதமா இல்லையா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

1994 பெப்ரவரியில் விசாரணை. நடுவர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர், இளைஞர். கணவரைக் கொண்டுபோன காலையைப் பற்றிக் கேட்டார்கள். வண்டியின் நிறத்திலிருந்து கணவரின் காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்ததுவரை அவர் சொன்னார். யாரும் இடைமறிக்கவில்லை. வெல்லப்போகிறோம் என்று நினைத்தேன். பிறகு எதிர்த்தரப்பு அலுவலர் எழுந்து, இந்தத் தேவாலயத்தை நீங்கள் உங்கள் கண்ணால் கண்டதுண்டா என்று கேட்டார்.

புத்தகத்தில் என்ற ஒரு சொல் போதும்.

"ஓம்" என்றார். "கண்டனான்."

அப்படியானால் இந்தக் கடிதம் என்ன என்று அலுவலர் என் தாளை உயர்த்திக் காட்டினார். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, சந்தையில் தெரிந்தவரைக் காண்பது போன்ற பார்வை.

"அவர் நல்ல மனுசன். எனக்காகப் பொய் எழுதினவர்."

மொழிபெயர்ப்பாளர் முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு நின்றார். நடுவர் அவரைப் பார்த்தார். இரண்டாவதையும் சொன்னார்.

நான் நல்லவனாக இதை எழுத முடியாது. அன்றைக்கும், பிறகு பல மாதங்களும், எனக்கு அந்தப் பெண்மேல் இருந்தது ஆத்திரம்தான். பதிவறையில் வேலை செய்கிறவன் பொய்ச்சான்று கொடுத்தான் என்று இல்ஃபோர்டில் பேசிச் சிரித்தார்கள். தலைவர் என்னிடம், "நன்றி கெட்டவள், நீர் செய்ததுக்கு இதுவோ கைம்மாறு?" என்றார். நானும் தலையாட்டினேன். மகளுக்காக ஒரு சொல்லை விழுங்க முடியாதவள் என்ன தாய் என்று என் வீட்டுச் சமையலறையில் நானே சொன்னேன். மனைவி வெளியே போனார்.

ஐந்து வாரம் கழித்துத் தம்பி தீர்ப்போடு வந்தார். ஆங்கிலம் அவருக்கு வரும், இருந்தாலும் என்னை வாசிக்கச் சொன்னார். இந்தப் பெண்மணி உண்மை பேசுபவர் என்பதில் தமக்குச் சிறிதும் ஐயமில்லை என்று நடுவர் எழுதியிருந்தார். தமக்குப் பாதகமானது என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னவர். ஆகவே அவருடைய கணவருக்கு நேர்ந்ததாகச் சொன்ன அனைத்தையும் நம்புவதாகவும், அதே காரணத்தால் அவர் நான்கு ஆண்டுகள் இத்தாலியில் பாதுகாப்பாக வாழ்ந்தார் என்பதையும் நம்புவதாகவும் எழுதி, மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்திருந்தார்.

தம்பி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இதில எந்த வரி எங்களுக்குச் சார்பு?"

அந்தப் பெண்ணை இத்தாலிக்கு அனுப்புவதற்கு முந்திய சனிக்கிழமை அவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நீல விமான அஞ்சல் கடதாசி. நான் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே மேசையருகே உட்கார்ந்து கடதாசியை விரித்து என் பக்கம் தள்ளினார்.

"மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"அதை ஏன் என்னட்டைக் கேக்கிறீங்கள்? உங்களுக்கு எழுதத் தெரியும்தானே."

"தெரியும். நான் எழுதினால் உள்ளதை எழுதிப்போடுவன். அவளுக்குப் பன்னிரண்டு வயசு." கடதாசியில் விரலை வைத்து, "உங்களுக்கு வரும்" என்றார். குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உப்புக் கடன் கேட்பது போலத்தான் கேட்டார்.

எழுதினேன். அம்மா சுகம். லண்டனில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இடையில் ஒரு வேலைக்காகக் கொஞ்சக் காலம் வேறு நாட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து பத்திரங்கள் சரியானதும் ஆறு மாதத்தில் உன்னைக் கூப்பிடுவேன், அதுவரை பெரியம்மாவின் சொல் கேட்டு நட. வாசித்துக் காட்டினேன். மேசையின் விளிம்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் என்ற இடத்தில் கையைத் தூக்கினார். அதை வெட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பேனையை எடுத்தேன்.

"ஆறு கனக்க. மூண்டு எண்டு போடுங்கோ."

மாற்றினேன். அவர் பேனையை என் கையிலிருந்து வாங்கி, கீழே "அம்மா" என்று தன் எழுத்தில் எழுதி, கடதாசியை மடித்து, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார்.